12 மணி நேரத்தில் 90 மி.லி.: முதுகில் போட்ட ஒரு மரப்பு ஊசியின் கதை

மாலை 6.35. அன்றைய கடைசி அறுவையை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வார்டிலிருந்து பணி மருத்துவர் அழைத்தார். "சார், காலையில் ஹெர்னியா செய்தவருக்கு யூரின் வரவே இல்லை. லாசிக்ஸ் போட்டும் மொத்தம் 90 மி.லி.தான். நீங்கள் முதுகில் போட்ட ஊசியால் கிட்னி அடிபட்டிருக்குமா? நெஃப்ராலஜிக்குச் சொல்லிவிடட்டுமா?"

கேள்வியில் தவறில்லை. ஊசியைப் போட்ட மயக்க மருத்துவன் நான். காலை வரை நன்றாக இருந்த மனிதருக்கு அதற்குப் பிறகுதான் சிறுநீர் நின்றிருக்கிறது. ஆனால் 'நின்றிருக்கிறது' என்பது எங்கே நின்றது என்பதைச் சொல்வதில்லை. சிறுநீரகத்திலா, சிறுநீர்ப்பையிலா? இந்த ஒன்றைக் கேட்காமலேயே அன்று மதியம் முதல் அவருக்கு வைத்தியம் நடந்திருந்தது. அந்த நாளை எழுதிவைப்பதற்குக் காரணம் அதுதான். நோயாளியின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றில் கை வைக்கவில்லை.

நோயாளி

வயது 61. எடை 62 கிலோ. வலப்பக்கக் குடலிறக்கம், வலை வைத்துத் தைக்கும் வழக்கமான அறுவை. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் க்ரியேட்டினின் 0.9, இயல்பு. இதயப் பரிசோதனையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் மாலை நான் அவரைப் பார்த்தபோது கேட்ட கேள்விகள் எல்லாம் இதயத்தையும் நுரையீரலையும் பற்றியவை. பல் ஆடுகிறதா என்றுகூடக் கேட்டேன். இரவில் எத்தனை முறை ஒன்றுக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் "இரண்டு, மூன்று முறை, வயதானால் அப்படித்தானே சார்" என்று சொல்லியிருப்பார். மறுநாள் இரவு கேட்டபோது அப்படித்தான் சொன்னார்.

அன்றைய நாள்

காலை 6.30-க்குச் சிறுநீர் கழித்திருக்கிறார். அதன்பின் கழிக்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. மேசைக்கு வந்தது 9 மணிக்கு.

9.10-க்கு மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி. மரப்பு மருந்தான 0.5 சதவீத கனமான புபிவகெய்ன் 3 மி.லி., அதாவது 15 மி.கி.; கூடவே வலி நீக்கும் ஃபென்டனில் 25 மைக்ரோகிராம். மரப்பு மார்புக்கூட்டின் கீழ் முனை வரை ஏறியது. பத்து நிமிடத்தில் ரத்த அழுத்தம் 140/84-இலிருந்து 92/56-க்கு இறங்கியது. மெஃபென்டர்மின் 6 மி.கி. இரண்டு முறை கொடுத்ததும் 118/70. அழுத்தம் குறைவாக இருந்தது மொத்தம் 12 நிமிடம். அந்தச் சாக்கில் ரிங்கர் லாக்டேட் 1 லிட்டர் ஏற்றிவிட்டேன். 10.30-க்கு அறுவை முடிந்தது. 11.15-க்கு வார்டு. அங்கே மணிக்கு 100 மி.லி. வீதம் டிரிப்ஸ் தொடர்ந்தது.

மதியம் 1.30-க்கு வலிக்கு டைக்ளோஃபெனாக் 75 மி.கி. 2 மணிக்கு நீர் அருந்தலாம் என்றார்கள். அவர் மனைவி சிஸ்டரிடம், "சூடு பிடித்திருக்கும் சிஸ்டர், அதனால்தான் ஒன்றுக்கு வரவில்லை. இளநீர் கொடுத்தால் இறங்கிவிடும்" என்று சொல்லி இரண்டு இளநீர் கொடுத்திருக்கிறார். எந்த வீட்டிலும் செய்வதுதான். நாங்கள் செய்ததைவிட அது ஒன்றும் மோசமில்லை.

3 மணிக் குறிப்பு: 'யூரின் போகவில்லை'. குழாயைத் திறந்துவிட்டு நீர் ஓசையைக் கேட்க வைத்தார்கள், எழுப்பி நிற்க வைத்தார்கள். வரவில்லை. 4 மணிக்கு 'உடம்பில் நீர் போதவில்லை' என்று சலைன் 500 மி.லி. வேகமாக ஏற்றப்பட்டது. 4.45-க்கு 'வயிற்று வலி அதிகம்' என்று டிராமடால் 50 மி.கி. 5.15-க்குச் சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைடு (லாசிக்ஸ் என்பது இதுதான்) 20 மி.கி. ரத்தநாளத்தில். 5.40-இலிருந்து சொட்டுச் சொட்டாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 மி.லி. அளவுக்கு வந்தது. அதைச் சிஸ்டர் ஒழுங்காக அளந்து எழுதியிருந்தார்: 90.

கட்டில் அருகே

போய்ப் பார்க்கையில் மனிதர் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை. ரத்த அழுத்தம் 168/96, நாடி 104. கால்களை மடக்கி நீட்டச் சொன்னேன், தாராளமாகச் செய்தார்.

"முட்டுகிறதா ஐயா?"

"முட்டுகிறமாதிரி தெரியவில்லை சார். அடிவயிறுதான் கல் மாதிரி இருக்கிறது. ஆபரேஷன் வலி என்று நினைத்தேன்."

போர்வையை விலக்கியதும் பார்த்தவுடனேயே தெரிந்தது. ஒல்லியான வயிறு, தொப்புளுக்குக் கீழே நடுவில் மட்டும் ஒரு மேடு. கட்டு வலப்பக்கம் இருக்கிறது, மேடு நடுவில் இருக்கிறது. விரல் வைத்துத் தட்டினேன். மேல் வயிற்றில் வெறுங்குடத்தின் ஓசை. தொப்புளுக்கு இரண்டு விரற்கடைக்குக் கீழே நிறைந்த குடத்தின் ஓசை. கீழே விரித்திருந்த துணி ஈரமாக இருந்தது. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். சிறுநீர்ப்பை தளும்பும். கொள்ளாமல் போகும்போது அழுத்தம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்தக் கசிவைத்தான் 'லாசிக்ஸுக்குப் பின் வந்த யூரின்' என்று பதிவு சொன்னது.

நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசிகளுக்காக வைத்திருக்கும் சிறிய அல்ட்ராசவுண்டை எடுத்துவரச் சொன்னேன். நீளம் 15, அகலம் 13, ஆழம் 11 செ.மீ. மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,115 மி.லி. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போடுவதற்கு முன் குறியின் துளைக்குள் லிக்னோகெய்ன் ஜெல்லியை ஏற்றிச் சில நிமிடம் காத்திருந்தோம். மரப்பு மருந்தால் வந்த தொல்லை என்று அழைக்கப்பட்டு, அதைத் தீர்ப்பதற்கும் ஒரு மரப்பு மருந்தையே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பணி மருத்துவர் அதைக் கவனித்தார், சிரிக்கவில்லை.

14 எண் ஃபோலி கதீட்டர் தடையின்றிப் போனது. சேகரிக்கும் பை நிறைய ஆரம்பித்தது. 500-இல் கிளிப் போட்டு நிறுத்தவா என்று சிஸ்டர் கேட்டார். எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: ஒரே மூச்சில் வடித்தால் ரத்தம் வரும், அழுத்தம் விழும் என்று. விட்டு விட்டு வடிப்பதால் அவை குறைவதில்லை என்பதுதான் இப்போதைய புரிதல். விடுங்கள் என்றேன். 1,150 மி.லி. கடைசியில் லேசான இளஞ்சிவப்பு, அரை மணி நேரத்தில் அதுவும் தெளிந்தது. கால் மணி நேரத்தில் அழுத்தம் 134/82. கம்பியைப் பிடித்திருந்த கை வயிற்றின்மேல் வந்துவிட்டது.

கணக்கு

பதிவேட்டின்படி 6.30-இலிருந்து 6.45 வரை, 12 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில், 90 மி.லி. அதாவது மணிக்கு 7 மி.லி. கிலோவுக்கு 0.12. சிறுநீரகக் காயத்தை வரையறுக்கும் கேடிகோ அமைப்பின் 2012 வழிகாட்டுதல், கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாக 6 மணி நேரம் நீடித்தால் எச்சரிக்கை மணி அடிக்கச் சொல்கிறது. இவருக்கு அது மணிக்கு 31 மி.லி. பதிவை மட்டும் பார்க்கிறவருக்குப் பதற்றம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

உண்மையில் உண்டானது 1,150-உம் 90-உம் சேர்ந்து 1,240 மி.லி. மணிக்கு ஏறத்தாழ 100. கிலோவுக்கு 1.6. இதில் ஃபியூரோசமைடின் பங்கு கணிசமாக இருக்கும். ரத்தநாளத்தில் போட்டால் சில நிமிடங்களில் தொடங்கி அரை மணி நேரத்தில் உச்சம் தொடும் மருந்து அது. அதைக் கழித்துவிட்டாலும் இந்தச் சிறுநீரகங்கள் ஓய்ந்திருக்கவில்லை. காலையிலிருந்து நாங்களும் அவர் மனைவியும் சேர்ந்து கொடுத்த இரண்டரை லிட்டரை ஒழுங்காக வடிகட்டிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தன. கீழே கதவு சாத்தியிருந்தது.

ஊசி என்ன செய்தது

சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது என்ற செய்தியை மேலே கொண்டுபோவதும், 'சுருங்கு' என்ற கட்டளையைக் கீழே கொண்டுவருவதும் முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் நரம்புகளில் 2, 3, 4 ஆகியவை. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் புபிவகெய்ன் கலந்ததும் ஒரு நிமிடத்துக்குள் முட்டும் உணர்ச்சி போய்விடுகிறது. சில நிமிடங்களில் சிறுநீர்ப்பைத் தசையின் சுருக்கமும் நின்றுவிடுகிறது. இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம், மரப்பு எப்போது விடுகிறது என்பதில்தான் வரும்.

மரப்பு மேலிருந்து கீழாக விடுகிறது. முதலில் மார்பு, பிறகு வயிறு, தொடை, கால். கடைசியில்தான் திருவெலும்பு நரம்புகள். அதாவது கால் அசைந்துவிட்டது என்பதால் சிறுநீர்ப்பை விழித்துவிட்டது என்று பொருளில்லை. மரப்பு மூன்றாவது திருவெலும்பு நரம்புக்குக் கீழே இறங்கும்வரை அந்தத் தசை சுருங்காது. முதுகில் லிக்னோகெய்ன் போட்டால் அதற்குச் சுமார் 4 மணி நேரம். புபிவகெய்னுக்கு 7 முதல் 8 மணி நேரம். சுகப்பிரசவத்துக்கு எபிடியூரல் என்ற முதுகு மரப்பு போடும் இடங்களில் மகப்பேறு வார்டு சிஸ்டர்களுக்கு இது பழகிய விஷயம்; கருப்பை ஒரு பக்கம் ஒதுங்கி மேலே ஏறி நின்றால் முதலில் சிறுநீர்ப்பையைத்தான் சந்தேகிப்பார்கள். அறுவை வார்டில் மட்டும் "காலை ஆட்டுகிறார், மரப்பு விட்டுவிட்டது" என்று எழுதிவிடுகிறோம். அன்று 1.20-க்கே அப்படி எழுதப்பட்டிருந்தது.

இந்த எட்டு மணி நேரத்தில் சாதாரணமாகவே அரை லிட்டர் சிறுநீர் சேரும். அது சிறுநீர்ப்பையின் வழக்கமான கொள்ளளவு. நான் 1 லிட்டர் ஏற்றியபோது அந்தக் கொள்ளளவைச் சீக்கிரமே தாண்ட வழி செய்துவிட்டேன்.

ஆனால் எல்லாப் பழியையும் ஊசியின் தலையில் போட்டுவிட முடியாது. நான் பார்த்தது ஊசி போட்டு ஒன்பதரை மணி நேரத்துக்குப் பிறகு. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஆசனவாயைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சி தெரிகிறது என்றார். மரப்பு ஏறக்குறைய விட்டிருந்தது. இருந்தும் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்துவிட்டது. ரப்பர் பட்டையை இழுத்து நெடுநேரம் வைத்திருந்தால் விட்டதும் பழைய நிலைக்கு வராதல்லவா, அப்படித்தான் 600 மி.லி.க்கு மேல் விரிந்த தசையும். அதன் வாயில், பிறகு ஸ்கேனில் 42 மி.லி. அளவுக்கு வீங்கியிருந்ததாகத் தெரியவந்த புராஸ்டேட் சுரப்பி. அதற்கு மேல் டிராமடால்; அது போன்ற அபின் வகை மருந்துகள் எல்லாம் சிறுநீர்ப்பையை மந்தமாக்கும். ஊசி தொடங்கிவைத்தது. நடத்தி முடித்தது நாங்கள்.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது அந்த டிராமடால். அது வயிற்று வலிக்குக் கொடுக்கப்பட்டது. வலி சிறுநீர்ப்பையினுடையது. தேக்கத்துக்கான வைத்தியம் தேக்கத்தையே வளர்த்த மருந்து.

சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆகுமா?

பணி மருத்துவரின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. முதுகில் போடும் ஊசி ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறது; அழுத்தம் வெகுவாக இறங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். இவருக்கு மிகக் குறைந்த சராசரி அழுத்தம் 68. அதுவும் 12 நிமிடம். ஆரோக்கியமான சிறுநீரகம் இதைக் கண்டுகொள்ளாது. அறுவையின் அதிர்ச்சியில் உடல் நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும்; அதனால் முதல் நாள் சிறுநீர் சற்றுக் குறைவது இயல்பு, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புபிவகெய்னைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரல். மாறாமல் சிறுநீரில் போவது மிகச் சிறு பங்கு. சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும் மருந்து என்று அதைச் சொல்வதற்கு ஆதாரமில்லை. அன்றைய பட்டியலில் அப்படிச் சந்தேகிக்கத் தகுந்தது ஒன்று இருந்ததென்றால் அது டைக்ளோஃபெனாக்தான். அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

தேக்கமே நீடித்தால் பின்னோக்கிய அழுத்தத்தால் சிறுநீரகம் கெடலாம். அப்படி நாள் கணக்கில் விட்டிருந்தால் பணி மருத்துவரின் பயம் உண்மையாகியிருக்கும். மறுநாள் காலை க்ரியேட்டினின் 1.0. நெஃப்ராலஜி அழைப்பு தேவைப்படவில்லை.

தொடர்ந்து நடந்தது

கதீட்டரை 48 மணி நேரம் வைத்திருந்தோம். தசைக்கு ஓய்வு வேண்டும். சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. இரவில். எடுத்தபின் முதல் முறை 220 மி.லி. போனார், ஸ்கேனில் மிச்சம் 60. வீட்டுக்குப் போகும்போது அவர் மனைவி, "அந்த ஊசி இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சீட்டில் எழுதிக்கொடுங்கள் டாக்டர், அடுத்த தடவை யாரும் போட்டுவிடக் கூடாது" என்றார். எழுதத் தயங்கினேன். ஒவ்வாமை என்று ஒருமுறை எழுதிவிட்டால் பல் டாக்டர் வரைக்கும் அந்தச் சீட்டு துரத்தும். "இவருக்குப் பல் பிடுங்கியிருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டேன். போன வருடம் இரண்டு பல். ஈறில் மரப்பு ஊசி போட்டுத்தான். அன்று மாலை ஒன்றுக்குப் போவதில் எந்தச் சிரமமும் இல்லை. அதைச் சொன்னதும் அவருக்கே பாதி விளங்கிவிட்டது. 'முதுகு ஊசிக்குப் பின் சிறுநீர்த் தேக்கம், புராஸ்டேட் வீக்கம், மருந்து ஒவ்வாமை அல்ல' என்று எழுதினேன்.

ஒரு மருந்துக்கும் ஒரு விளைவுக்கும் தொடர்பு எவ்வளவு உறுதி என்று அளக்க, 1981-இல் வந்த நரஞ்சோ அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறோம். பத்துக் கேள்விகள். முன்பே பதிவாகியிருக்கிறதா: 1. மருந்துக்குப் பின்தான் வந்ததா: 2. மருந்தின் விளைவு போனதும் சரியானதா: இவருக்கு நேரத்தைப் பார்த்தால் தாமதமாக, ஆனாலும் 1. பரிசோதனையில் கண்ட சான்று உண்டா: 1. வேறு காரணங்கள் இருக்கின்றனவா: இருக்கின்றன, 1 குறையும். மற்றக் கேள்விகளுக்கு 0. ஆக 4. 'இருக்கலாம்' என்ற கட்டத்தின் மேல் விளிம்பு. 5 வந்திருந்தால் 'பெரும்பாலும்'.

ஏழு மாதம் கழித்து அவருக்கு இடப்பக்கமும் குடல் இறங்கியது. இம்முறை முதுகைத் தொடவில்லை. இடுப்பெலும்பு ஓரத்து நரம்புகளைச் சுற்றியும் அறுவை செய்யும் இடத்திலும் 0.25 சதவீதப் புபிவகெய்ன் 40 மி.லி. அதே மருந்து. 100 மி.கி. முன்பு போட்ட 15-ஐப்போல ஆறு மடங்குக்கு மேல். (கிலோவுக்கு 2 மி.கி. என்ற வரம்புக்குள்தான்.) டாம்சுலோசின் அப்போது தொடர்ந்துகொண்டிருந்தது, டிரிப்ஸ் 300 மி.லி.யோடு நிறுத்தினேன்; ஆகவே இதைச் சுத்தமான சோதனை என்று நான் உரிமை கோரவில்லை. மேசைக்கு ஏறும் முன் வாசலில் நிறுத்திக் கழிப்பறைக்கு அனுப்பினேன்.

மருந்தை மறுபடி கொடுத்தபோது விளைவு திரும்பவில்லை என்றால் நரஞ்சோ ஒரு மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்ளும். ஆக 3. எண் குறைகிறது, எனக்கோ தொடர்பு முன்பைவிட உறுதியாகத் தெரிகிறது. அந்த அளவுகோல் எந்த மருந்து என்று கேட்கிறதே தவிர, எந்த இடத்தில் என்று கேட்பதில்லை.

இப்போது எங்கள் வார்டில் முதுகு ஊசி போட்டவர்களின் பதிவில் 'கடைசியாகப் போன நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஊசி போட்டு 6 மணி நேரத்தில் போகவில்லையென்றால் சிஸ்டரே ஸ்கேன் வைத்துப் பார்க்கிறார். 500-க்கு மேல் இருந்தால் வடித்துவிட்டுத்தான் என்னை அழைக்கிறார். குடலிறக்கத்துக்கு 15 மி.கி. போடுவதை நான் குறைத்துவிட்டேன். பல நேரங்களில் 10 போதும். வயது 50-ஐத் தாண்டிய ஆண்களிடம் பல்லைப் பற்றிக் கேட்பதற்கு முன் இரவைப் பற்றிக் கேட்கிறேன்.

அந்த இரண்டாவது அறுவை 10.05-க்கு முடிந்தது. சிஸ்டரின் பதிவு: '11.50. தானாக எழுந்து போனார். 310 மி.லி.' அதற்குக் கீழே, வேறு மையில், 'இளநீர் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்' என்றிருந்தது. கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.